எலியின் ஈரலில் தொடங்கிய மருந்து

மருந்தும் நாமும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புற்றுநோயைப் பற்றியவை. நீண்ட காலம் மருத்துவமனை மருந்தகத்தில் புற்றுநோய் மருந்துகளைக் கலந்து கொடுத்தவன் என்ற முறையில், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஈப்போவுக்குச் சென்று மருந்து ஏற்றிக்கொள்கிறார். இடுப்பில் ஒரு சிறு புட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதிலிருந்து 46 மணி நேரம் '5-எஃப்யூ' என்ற மருந்து உடம்புக்குள் இறங்குகிறது. லயத்தில் குடியிருந்த காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான பெரியம்மா ஒருவர், "அது விஷம் பிள்ளை, ஏற்றிக்கொள்ளாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறைக்கு வரமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் யார்? அவர் கண்டுபிடித்தது விஷம்தானா?
— ஒரு மகன், சுங்கை சிப்புட்

பதில்: பெரியம்மா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறைத்து அம்மாவைத் தேற்ற முயலாதீர்கள்; மறைத்தது பின்னால் தெரியவந்தால், மீதியையும் அவர் நம்பமாட்டார். 5-எஃப்யூ என்று சுருக்கிச் சொல்லப்படும் 5-ஃபுளோரோயுராசில் உயிரணுக்களைக் கொல்லும் பொருள்தான். ஆனால் எந்த உயிரணுவை, அது எந்த வேலையில் இருக்கும்போது, எவ்வழியாகத் தடுக்க வேண்டும் என்று முதலில் தாளில் சிந்தித்துப் பார்த்து, அதன் பிறகே உருவாக்கப்பட்ட பொருள் அது. அக்காலத்தில் புற்றுநோய் மருந்துகள் பல தற்செயலாகக் கிடைத்தவை. இப்படி எண்ணிச் செய்யப்பட்டவை மிகச் சிலவே.

இந்த மருந்தின் கதை ஒரு பூச்சிமருந்தில் தொடங்குகிறது. அசிட்டைலமினோஃபுளோரீன் என்ற பொருளைப் பூச்சிகளை அழிக்க விற்கலாம் என்று அமெரிக்காவில் கருதினார்கள். சந்தைக்கு விடும் முன் எலிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தபோது, அவற்றுக்குப் பல உறுப்புகளில் புற்றுக்கட்டிகள் வந்தன. அந்தச் சோதனை முடிவு 1941இல் வெளியானது. பொருள் கடைக்கு வரவில்லை. ஆனால் ஆய்வுக்கூடங்களுக்கு அது பெரிய கருவியாயிற்று. எலியின் ஈரலில் விரும்பிய நேரத்தில் புற்றை உண்டாக்கி, அது எப்படி வளர்கிறது என்று படிப்படியாகக் கவனிக்க முடிந்தது. அப்படிக் கவனித்த பிலடெல்பியா ஆய்வாளர்கள் 1954இல் ஒன்றைச் சொன்னார்கள்: புற்றாக மாறிய ஈரல், யுராசில் என்ற மூலக்கூறை நல்ல ஈரலைவிடப் பேராவலுடன் எடுத்துக்கொள்கிறது.

இதைப் படித்து அதன் பொருளை உணர்ந்தவர் சார்ல்ஸ் ஹைடல்பெர்கர். 1920இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய தந்தை மைக்கேல் ஹைடல்பெர்கர், நோய் எதிர்ப்பாற்றலை வேதியியல் முறையில் ஆராய்ந்து புகழ்பெற்றவர். மகன் ஹார்வர்டில் வேதியியல் படித்தார். பின்னர் பெர்க்லியில் மெல்வின் கால்வினுடன் சேர்ந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கையாளக் கற்றார். மாட்டுக்குக் குறி சுட்டால் அது எந்தத் தோட்டத்து வேலியைத் தாண்டினாலும் அடையாளம் தெரியும் அல்லவா? அதுபோல, தாரில் உள்ள புற்றுநோய்க்காரணி ஒன்றின் மூலக்கூறுக்குள் இந்தக் கதிரியக்கக் கார்பனை வைத்து, எலியின் உடம்பில் அது எங்கெல்லாம் போகிறது, எதனுடன் ஒட்டுகிறது என்று தேடுவதே அவருடைய தொடக்கக்கால ஆராய்ச்சி. 1948இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டில் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆக, மருந்தைப் பற்றி எண்ணுவதற்கு முன்பே, புற்று எதனால் வருகிறது என்பதைப் படித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

யுராசிலைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டதும் அவர் எண்ணியது இது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டிஎன்ஏவை நகல் எடுக்க வேண்டும். அதற்கு, டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான தைமின் வேண்டும். யுராசிலின் ஐந்தாம் இடத்தில் இருக்கும் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அங்கே ஒரு மீத்தைல் தொகுதியை வைப்பதால்தான் தைமின் உண்டாகிறது. இந்த வேலையை ஒரு நொதி, அதாவது உடம்பில் வேதிமாற்றங்களை நடத்தும் ஒரு புரதம், செய்கிறது. அந்த ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஃபுளோரின் அணு ஒன்றை உட்கார வைத்தால் என்ன? ஃபுளோரின் அளவில் ஹைட்ரஜனுக்கு மிக நெருங்கியது, ஆகையால் நொதி ஏமாந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் ஃபுளோரினின் பிணைப்பு மிக வலுவானது, ஆகையால் பிடித்ததைக் கழற்ற முடியாமல் அப்படியே கட்டுண்டு நிற்கும். தைமின் கிடைக்காத உயிரணு பிரிய முடியாமல் மடியும். யுராசிலை அதிகமாக விழுங்குவது புற்று என்பதால், அடியும் அதற்கே அதிகமாக விழும். ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அவருடைய எண்ணப்படி அந்தப் பொருளைச் செய்து கொடுத்தார்கள். 1957இல் முடிவுகள் வெளிவந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் குடல், இரைப்பை முதலிய உறுப்புகளின் புற்றுக்கு அது இன்னும் அடிப்படை மருந்து.

எல்லா அடியும் புற்றின்மேல் மட்டுமே விழும் என்று நான் சொல்லமாட்டேன். வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மச்சை ஆகியவையும் விரைந்து பிரியும் உயிரணுக்களால் ஆனவை. வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வெள்ளணுக் குறைவும் அதனால்தான் வருகின்றன. உடம்பில் இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி ஒன்று உண்டு. பிறவியிலேயே அந்த நொதி குறைந்தவர்கள் சிலருக்குச் சாதாரண அளவே பேரளவாகிவிடும். ஆகவே முதல் சில முறைகளில் கடுமையான வயிற்றுப்போக்கோ வாய் முழுவதும் புண்ணோ காய்ச்சலோ வந்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், மாற்று மருந்தும் தரலாம். அம்மா பயப்படுவது நியாயமே. அந்தப் பயத்தை மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

கேள்வி: என் பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வெற்றிலைப் பழக்கம் உண்டு. அம்மா புகையிலை சேர்ப்பதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டுமே. பல் கிளினிக்கில் உள்ள மருத்துவர் அதையும் விடச் சொல்கிறார். தாம்பூலம் இல்லாமல் நமக்கு எந்த நல்ல காரியம் நடக்கிறது?
— ஒரு மகள், கோலகங்சார்

பதில்: சகோதரி, மருத்துவர் சொன்னது சரி. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயைத் தருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாகச் சொன்னது. பாக்கையே தனியாகவும், மனிதருக்குப் புற்றைத் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. குற்றவாளி இலையல்ல, பாக்கு. நம் நாட்டில் வாய்ப்புற்று இந்தியரிடையே, அதிலும் வெற்றிலை போடும் மூத்த பெண்களிடையே அதிகமாகக் காணப்படுவது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரெசராக இருந்தவர்களைக் கேட்டால் அவர்களும் சொல்வார்கள்.

பாக்கு எப்படி இதைச் செய்கிறது என்பதைச் சொல்ல, மறுபடியும் அந்த மெக்கார்டில் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஹைடல்பெர்கர் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கு ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் என்ற கணவன் மனைவி இருவர் ஒரு மஞ்சள் சாயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வெண்ணெய்க்கு நிறமூட்டும் சாயம் என்ற பொருளில் பெயர் பெற்ற அது, எலிகளுக்கு ஈரல் புற்றைத் தந்தது. அந்தச் சாயம் ஈரலின் புரதத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துவிடுகிறது என்று 1947இல் அவர்கள் காட்டினார்கள். பின்னர் பல ஆண்டு உழைப்பால் அவர்கள் நிறுவிய உண்மை, இத்துறையின் ஆணிவேர் என்றே நான் மதிப்பது: புற்றுநோய்க்காரணிகளில் பெரும்பாலானவை உள்ளே போகும்போது அவ்வளவு கொடியவை அல்ல, அவற்றைக் கரைத்து வெளியேற்ற முனையும் நம் உடம்பின் நொதிகளே, இடையில் ஒரு கட்டத்தில், டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் வடிவத்துக்கு அவற்றை மாற்றிவிடுகின்றன.

பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருளிலிருந்து வாயிலேயே நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்க்காரணிகள் உண்டாகின்றன. உடம்பின் நொதிகள் அவற்றை மேற்சொன்னபடி கூர்மையாக்குகின்றன. சுண்ணாம்பு வாயைக் காரமாக்கி, பாக்கின் துவர்ப்புப் பொருள்களிலிருந்து திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்கள் பிறக்க வழிசெய்கிறது. நாள் செல்லச் செல்லக் கன்னத்தின் உட்புறம் தடித்து, நார் பாய்ந்து, வாயைத் திறக்கவே முடியாத நிலை சிலருக்கு வருகிறது. அது புற்றுக்கு முந்திய நிலை.

தாம்பூலத் தட்டைப் பற்றி எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. தட்டில் வைத்துக் கொடுங்கள், மரியாதையுடன் வாங்கிக்கொள்ளுங்கள். வாயில் போட்டு மணிக்கணக்கில் அடக்கிக்கொள்வது வேறு. அம்மாவின் வாயில் வெண்திட்டோ செந்திட்டோ, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே அதே பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மஞ்சள் புற்றைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
— ஒரு வாசகர், தைப்பிங்

பதில்: மஞ்சளில் உள்ள குர்க்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுக்களை அடக்குகிறது. ஆனால் வாய்வழி உண்டால் இரத்தத்தில் சேர்வது மிகச் சிறிதளவே. குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள். சிகிச்சையை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்புவது கூடாது. கீமோ எடுப்பவர்கள் குர்க்குமின் மாத்திரை வாங்குவதற்கு முன் மருந்தாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

கேள்வி: என் அத்தை இளமையில் பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனைத் தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தார். மொத்தம் முப்பது ஆண்டு வேலை. இப்போது 71 வயது, நலமாக இருக்கிறார். அந்த மருந்துகளால் இனிமேல் அவருக்குப் புற்று வருமா என்று நாங்கள் கவலைப்படுகிறோம்.
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: என் தாயாரும் மருந்தடித்தவர். ஆகையால் இந்தக் கேள்வியை நான் வெறும் கேள்வியாகப் படிக்கவில்லை.

உடனே கொல்லும் நஞ்சு வேறு, பல ஆண்டு கழித்துப் புற்றைத் தரும் நஞ்சு வேறு. தோட்டங்களில் எல்லோரும் அஞ்சிய பாராகுவாட் என்ற களைக்கொல்லி முதல் வகை; குடித்தவர்களின் நுரையீரலை நாராக்கிக் கொன்றது. 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்டுள்ளது. இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டு ஆர்சனிக். பாராகுவாட் வருவதற்கு முந்திய காலத்தில், பால்மரக் காடுகளில் லாலாங் புல்லை அழிக்க, ஆர்சனிக் சேர்ந்த சோடியம் ஆர்சனைட்டைத் தெளித்தார்கள். ஆர்சனிக் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. இன்று பரவலாக அடிக்கப்படும் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை, பாக்கைப் பற்றிய பதிலில் சொன்ன அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 'புற்றைத் தரக்கூடும்' என்ற இரண்டாம் நிலைப் பிரிவில் வைத்தது. அதைப் பற்றி அறிவியலாளரிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

காலத்தைப் பற்றித் தாங்கள் கேட்டது முக்கியமானது. நம் தோட்டங்களிலிருந்து கப்பலேறிய ரப்பர், பிரிட்டனில் டயர் ஆனபோது, அது விரைவில் கெடாதிருக்க ஒரு பொருளைக் கலந்தார்கள். அதில் நாஃப்தைலமின் என்ற புற்றுநோய்க்காரணி கலந்திருந்தது. சாயத் தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருவதை ஜெர்மனியில் லுட்விக் ரேன் 1895இலேயே எழுதியிருந்தார். இந்த நாஃப்தைலமின் நாய்களுக்கு அதே புற்றைத் தருவதை 1938இல் வில்ஹெல்ம் ஹியூப்பர் காட்டினார். ஆயினும் ரப்பரில் கலப்பதை 1949இல்தான் நிறுத்தினார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் பழைய தொழிலாளருக்கு அந்த நோய் வந்துகொண்டே இருந்தது. விலங்குகளில் கிடைத்த சான்றை உரிய காலத்தில் மதித்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அத்தையைப் பொறுத்தவரை, வரும் என்றோ வராது என்றோ எவரும் சொல்ல முடியாது. ஆனால் செய்யக்கூடியது உண்டு. சிறுநீரில் இரத்தம், உள்ளங்கையிலோ பாதத்திலோ காய்ப்புப் போன்ற தடிப்புகள், ஆறாத தோல்புண், நீங்காத இருமல் ஆகியவற்றில் ஏதாவது தோன்றினால் கிளினிக்கில் காட்டுங்கள். காட்டும்போது "முப்பது ஆண்டு தோட்டத்தில் வேலை செய்தேன், அதில் மருந்தும் அடித்தேன்" என்பதை அவரே சொல்லட்டும். பெரும்பாலான மருத்துவர்கள் அதைக் கேட்பதில்லை, நம்மவர்களும் சொல்வதில்லை.

ஆர்சனிக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சித்த மருத்துவம் வெள்ளைப் பாடாணம் என்று சொல்லும் ஆர்சனிக் டிரையாக்சைடு, இரத்தப் புற்றில் ஒரு குறிப்பிட்ட வகைக்கு இன்று மிகச் சிறந்த மருந்துகளில் ஒன்று. சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களில் அதைத் தொடங்கி வைத்தார்கள். அமெரிக்கா 2000இல் ஏற்றுக்கொண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் பாடாணம் சேர்ந்த மருந்தைத் தாமே வாங்கி உண்ண வேண்டாம். இதயத் துடிப்பைப் பதிவுசெய்து பார்த்துக்கொண்டே, மருத்துவமனையில் கணக்கிட்டு ஏற்றும் மருந்து அது.

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது ஆறாம் படிவத்தில் அறிவியல் பிரிவில் இருக்கிறேன். புற்றுநோய் மருந்தியல் ஆராய்ச்சியாளராக விரும்புகிறேன். எதில் தொடங்க வேண்டும்? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?
— ஒரு மாணவி, பீடோர்

பதில்: மகளே, வேதியியலில் தொடங்கு. உயிரியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் கரிம வேதியியலைக் கண்டு ஒதுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மூலக்கூறின் ஐந்தாம் இடத்தில் எந்த அணு இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவரால்தான் முதல் பதிலில் சொன்ன மருந்து பிறந்தது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மருந்தியல் படிப்பு உண்டு. உயிர்வேதியியல் வழியாகவும் இத்துறைக்குள் வரலாம். முதல் பட்டத்துக்குப் பிறகு முனைவர் பட்டம், அதன் பிறகும் ஒருவருடைய ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுப் பயிற்சி என்று, சொந்தமாக ஆராய்ச்சி நடத்தும் முன் முப்பது வயதைத் தாண்டிவிடுவாய். இதை முன்பே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் 1973இல் வெளியிட்ட சோதனையைப் படித்துப் பார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் வளர முடியாத பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, அதன்மேல் சோதிக்கும் பொருளை வைப்பார்கள். மரபணு மாறிய பாக்டீரியா மட்டும் புள்ளி புள்ளியாக வளரும். அவற்றை எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் அதில் எலி ஈரலின் சாற்றையும் சேர்த்தார்; உடம்பின் நொதிகளே காரணியைக் கூர்மையாக்குகின்றன என்று மில்லர் தம்பதியர் காட்டியிருந்தார்கள் அல்லவா, அதற்காக. குழந்தைகளின் இரவு உடையில் தீப்பிடிக்காதிருக்கச் சேர்த்த ஒரு பொருள் 1977இல் இந்தச் சோதனையில் அகப்பட்டு, அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. தட்டுத் தட்டாக எண்ணுவதில் சலிப்பு வராதவளா என்று உன்னையே கேட்டுக்கொள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவளால் முடியுமா என்பதற்கு, எல்லப்பிரகத சுப்பாராவைச் சொல்கிறேன். 1895இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தும் முழுப் பட்டம் தரப்படாமல், அதற்குக் கீழ்ப்பட்ட சான்றிதழுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் தலைமையில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட அமினோப்டரின் என்ற மருந்தைத்தான் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் இரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அதுவரை அந்த நோய்க்கு எந்த மருந்தும் வேலை செய்ததில்லை. முடிவு வெளியானது 1948 ஜூனில். சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

இந்த வாழ்க்கையில் பலன் எப்போது வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஹைடல்பெர்கர் 5-ஃபுளோரோயுராசிலோடு நின்றுவிடவில்லை. புற்றுநோய்க்காரணி, தட்டில் வளரும் நல்ல உயிரணுவையே நேராகப் புற்றணுவாக மாற்றுகிறது என்பதை, ஒரே ஓர் அணுவின் வழித்தோன்றல்களை வைத்து 1970இல் காட்டினார். 1960களில் அவர் செய்த டிரைஃபுளோரிடின் என்ற பொருள் முதலில் கண்ணில் வரும் அக்கிக்குச் சொட்டுமருந்தாயிற்று. குடல் புற்றுக்கான மாத்திரையாக அது அமெரிக்காவில் ஏற்கப்பட்டது 2015இல். அவர் 1983இலேயே மறைந்துவிட்டார்.

கேள்வி: கீமோ எடுக்கும் என் மாமியாரின் துணிகளை நான்தான் துவைக்கிறேன். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவரைத் தொடவே அஞ்சுகிறேன் என்று அவர் வருந்துவாரோ என்று தயங்குகிறேன்.
— ஒரு மருமகள், கோலகங்சார்

பதில்: தொடுவதற்கு அஞ்ச வேண்டாம். கையைப் பிடியுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மருந்து கலந்திருப்பது அவருடைய சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில். மருந்து ஏற்றி முடித்த பிறகு பொதுவாக 48 மணி நேரம் வரை அவற்றைக் கையாளும்போது மட்டும் கையுறை வேண்டும். புற்றைக் கொல்லும் மருந்துகளில் சில, காட்டாக சைக்ளோஃபாஸ்ஃபமைட், தாமே புற்றுநோய்க்காரணிகளின் முதல் பிரிவில் உள்ளவை. டிஎன்ஏவைப் பற்றிக்கொள்வதுதான் அவற்றின் வேலை. நோயாளிக்கு அதனால் வரும் நன்மை பெரிது, நலமாக இருக்கும் தங்களுக்கோ அதனால் ஒரு நன்மையும் இல்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில், நான் இருந்த மருத்துவமனையில், இந்த மருந்துகளைத் திறந்த மேசையில் வெறுங்கையால் கலந்தோம். யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. பின்லாந்தில் இம்மருந்துகளைக் கையாண்ட தாதியரின் சிறுநீரை ஏம்ஸின் பாக்டீரியாத் தட்டில் வைத்துப் பார்த்து, அதில் மரபணுவை மாற்றும் தன்மை இருப்பதை 1979லேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரை என் கைக்கு வந்தது பல ஆண்டு கழித்து. இப்போது காற்று வெளியே வராத கண்ணாடிப் பெட்டிக்குள், இரட்டைக் கையுறையுடன்தான் கலக்கிறார்கள்.

மாமியாரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். மருந்து வீரியமானது, ஆஸ்பத்திரியில் தாதியரும் கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள் என்று சொன்னால் புரிந்துகொள்வார். கறை பட்ட துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே இரண்டு முறை துவையுங்கள். கழிப்பறையை மூடியை மூடி இரண்டு முறை ஃபிளஷ் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலைகளை அவரிடம் கொடுக்காதீர்கள். இடுப்பில் கட்டிய புட்டி கசிந்தால் வெறுங்கையால் துடைக்காமல், மருத்துவமனையில் கொடுத்த எண்ணுக்கு உடனே அழையுங்கள். நைட்ரைல் கையுறை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஒரு முறை போட்டதைக் கழுவி மறுபடி போட வேண்டாம்.